மூக்கில்லாச் செட்டியாருக்கு மேடையில் இடம் உண்டா?

சென்னை அடுக்குமாடிக் குடியிருப்பு நலச் சங்கங்களின் விழாக் குழுவினர் அனைவருக்கும்,

வணக்கம்.

மார்கழி பிறந்துவிட்டது. பொங்கல் விழாவுக்கு நிகழ்ச்சி நிரல் போட உட்கார்ந்திருப்பீர்கள். உறியடிக்குக் கம்பம் யார் கொண்டுவருவது, கோலப் போட்டி எந்த பிளாக் வாசலில், குழந்தைகள் நடனத்தில் எத்தனை குழு, குழுவுக்கு எத்தனை நிமிடம் என்று வாட்ஸாப்பில் இழுபறி தொடங்கியிருக்கும். பட்டியல் முடிவாவதற்குள் ஒரு விண்ணப்பம் வைக்கிறேன். நிரலில் இருபது நிமிடம் ஒதுக்குங்கள். ஒரு வெள்ளைத் திரை கட்டுங்கள். உங்கள் குடியிருப்புப் பிள்ளைகள் வீட்டில் தாங்களாகவே எடுத்த படங்களை அதில் போட்டுக் காட்டுங்கள். நடனத்தைக் குறைக்கச் சொல்லவில்லை. அது பாட்டுக்கு அது நடக்கட்டும்.

உனக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்பீர்கள். முழுக்க முழுக்கச் சொந்த அக்கறைதான். என் அக்கா மகள், ஐந்தாம் வகுப்பு படிப்பவள், பொம்மையைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, ஒவ்வொரு நகர்வையும் போனில் புகைப்படமாகப் பிடித்துக் கோத்து, ஒரு பொம்மைப் படம் எடுத்திருக்கிறாள். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு, ஒப்புக்கொள்கிறேன். எதிரில் வருகிறவர்களிடமெல்லாம் போனை நீட்டிக்கொண்டிருக்கிறேன். அலுவலக லிஃப்டில் என்னிடம் மாட்டிக்கொண்டவர்கள் பலர். படம் ஒரு நிமிடம் நாற்பது விநாடி. லிஃப்ட் அதற்குள் மேலே போய்விடுகிறது, முடிவைக் காட்டக் கூடவே நடந்து அவர்கள் மேஜை வரைக்கும் போக வேண்டியிருக்கிறது.

படத்தின் பெயர் 'மூக்கில்லாச் செட்டியார்'. கதையைச் சொல்லிவிடுகிறேன், விண்ணப்பத்துக்கு அதுதான் ஆதாரம்.

கொலு வைக்கிற வீட்டார்களுக்குச் செட்டியார் பொம்மையைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. கீழ்ப்படியில் செட்டியாரும் செட்டியாரம்மாவும் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். முன்னால் குட்டிக் குட்டிக் கிண்ணங்களில் அரிசி, துவரம்பருப்பு, மஞ்சள், வெல்லம். நங்கநல்லூரில் எங்கள் வீட்டில் இருக்கிற பழைய ஜோடி, அம்மாவின் கல்யாணத்தோடு வந்தது. சில வருஷங்களுக்கு முன்னால் பரணிலிருந்து இறக்கும்போது செட்டியாருக்கு மூக்கு போய்விட்டது. பின்னமான பொம்மையைப் படியில் வைக்கக் கூடாது என்று அம்மா மயிலாப்பூர் வடக்கு மாட வீதிக்குப் போய்ப் புது ஜோடி வாங்கி வந்தாள். பழையவரைத் தூக்கிப் போடவும் மனசு வரவில்லை. கிழிந்த வேட்டி ஒன்றில் சுற்றிப் பரணிலேயே வைத்துவிட்டாள்.

காலாண்டு விடுமுறைக்கு வந்த சின்னவள், பொம்மை இறக்கும்போது அந்த வேட்டி மூட்டையைப் பிரித்துப் பார்த்துவிட்டாள். "இவரை ஏன் உட்கார வைக்கலை?" என்று கேட்டாள். பாட்டி காரணம் சொன்னாள். காரணம் அவளுக்குச் சரிப்படவில்லை. படம் அப்படித்தான் பிறந்தது.

பரணில் வேட்டி அசைகிறது. செட்டியார் தலையை நீட்டுகிறார். கூடம் முழுக்க நகர்ந்து நகர்ந்து கொலுவுக்கு வந்து சேர்கிறார். பார்த்தால் அவர் கடையில் வேறொருவர் உட்கார்ந்திருக்கிறார், பளபளவென்று, மூக்கும் முழியுமாக. இரண்டு பேரும் எதிரெதிரே. சண்டை வரப்போகிறது என்று நான் நினைத்தேன். வரவில்லை. பழையவர் கொஞ்ச நேரம் யோசிக்கிறார். அப்புறம் எதிர்ச் சுவர் ஓரமாகப் போய் உட்கார்ந்து, தீப்பெட்டி அட்டையில் ஒரு போர்டு வைக்கிறார்: 'செட்டியார் கடை, கிளை 2. மூக்குப்பொடி தவிர எல்லாம் கிடைக்கும்.' முதல் போணிக்கு ஒரு பிளாஸ்டிக் டைனோசர் வந்து கடலைப்பருப்பு வாங்கிக்கொண்டு போகிறது. அவ்வளவுதான் படம். மூக்குப்பொடி என்றால் என்ன என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்த பெருமை மட்டும் பாட்டிக்கு.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. புதுச் செட்டியார் படம் முழுக்க அசையவே மாட்டார். பார்த்தவர்களில் சிலர், "என்ன திமிர் பாரு அந்த ஆளுக்கு" என்றார்கள். திமிரெல்லாம் இல்லை. படியில் வைத்த பொம்மையை விஜயதசமி வரைக்கும் நகர்த்தக் கூடாது என்பது அம்மாவின் சட்டம். நகர்த்த முடிந்தது பின்னமான செட்டியாரையும் அவளுடைய டைனோசரையும் மட்டும்தான். இருக்கிற சட்டத்துக்குள் என்ன செய்யலாம் என்று பார்த்து, அசையாத ஆளை அசையாத ஆளாகவே கதைக்குள் உட்கார வைத்துவிட்டாள். பெரிய பெரிய இயக்குநர்கள் தயாரிப்பாளரிடம் பணம் இல்லாதபோது செய்கிற வேலை இது.

செட்டியார் விஷயத்திலும் அதே சிக்கல் வந்தது. அவர் சம்மணம் போட்டே வார்க்கப்பட்டவர், எழுந்து நடக்க வழியில்லை. எனவே நகர்கிறார். முதலில் ஒவ்வொரு புகைப்படத்துக்கும் ஒரே அளவு நகர்த்தினாள். ஓட்டிப் பார்த்தபோது யாரோ கயிறு கட்டி இழுப்பது தெரிந்தது, அவராக வருகிறார் என்று நம்ப முடியவில்லை. அப்புறம் சாலையில் மாநகரப் பேருந்து நிறுத்தத்தை விட்டுக் கிளம்புவதைப் பார்த்துவிட்டு வந்து ஒரு சார்ட் தாளில் பென்சிலால் கோடு போட்டாள். கிளம்பும்போது கோடுகள் நெருக்கமாக, நடுவில் அகலமாக, நிற்கப் போகும்போது மறுபடி நெருக்கமாக. தாளைத் தரையில் ஒட்டி, படம் பிடிக்கிற சட்டத்துக்கு வெளியே அந்தக் கோடுகள் விழும்படி வைத்துக்கொண்டு, கோட்டுக்குக் கோடு செட்டியாரை நகர்த்தினாள். அனிமேஷன் படிப்பில் பிள்ளைகளுக்கு முதலில் சொல்லித்தருகிற பாடங்களில் இது ஒன்று. பேருந்து அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது.

சினிமாவில் விநாடிக்கு 24 படம் ஓடுகிறது என்று நமக்கெல்லாம் தெரியும். பொம்மையை நகர்த்தி எடுக்கிறவர்கள் பெரும்பாலும் விநாடிக்கு 12 படம் எடுத்து ஒவ்வொன்றையும் இரண்டு தடவை காட்டி ஒப்பேற்றிவிடுவார்கள், கண் ஏமாந்துவிடும். இவள் முதலில் 8 வைத்துப் பார்த்தாள், செட்டியார் விக்கல் வந்தவர் போல் நகர்ந்தார். 12 என்று முடிவானது. ஒரு நிமிடம் நாற்பது விநாடிக்குக் கணக்குப் போட்டால் 1,200 படங்கள். ஒவ்வொன்றுக்கும் பொம்மையைத் தொட்டு, கையை எடுத்து, போனை அழுத்த வேண்டும். ஸ்டாப் மோஷன் ஸ்டூடியோ என்று ஒரு ஆப் இருக்கிறது, முந்தைய படத்தை மங்கலாகத் திரையில் காட்டும், அதன் மேல் வைத்து எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று பார்த்துக்கொள்ளலாம். என்னுடைய பழைய போன்தான் கேமரா. திரையின் ஓரத்தில் விரிசல் விட்டது. தாய்மாமன் சீராக நான் செய்தது ரிச்சி தெருவில் வாங்கிய ஒரு ட்ரைபாட், அவ்வளவே.

வெளிச்சம்தான் பாடாய்ப் படுத்தியது. ஜன்னல் ஓரம் எடுத்ததை ஓட்டிப் பார்த்தால் மினுக் மினுக்கென்று அடித்தது. புரட்டாசி வானத்தில் போன மேகமெல்லாம் படத்தில் வந்து போயிருந்தது. ஜன்னலுக்குப் போர்வை மாட்டி, மேஜை விளக்கு ஒன்றை மட்டும் போட்டு, போனில் வெளிச்ச அளவைப் பூட்டி வைத்துவிட்டு மறுபடி தொடங்கினாள். அப்போதும் அவளுடைய நிழல் ஒரு படத்தில் விழும், ஒன்றில் விழாது. தரையில் சாக்பீஸால் இரண்டு பாதம் வரைந்துகொண்டாள். படம் பிடிக்கும்போதெல்லாம் அந்தப் பாதங்களில் போய் நிற்பாள். மின்விசிறியை நிறுத்தியாக வேண்டும், இல்லாவிட்டால் வேட்டி தானாகவே நடிக்கும். சென்னையில் மின்விசிறி இல்லாமல் மதியம் முழுக்க ஒரு அறையில் இருப்பதென்றால் என்ன என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

எனக்கு மிகவும் பிடித்த இடம் செட்டியார் யோசிக்கிற இடம். களிமண் முகம், வரைந்த கண். புருவத்தைக்கூட நெரிக்க முடியாது. அவரை ஒரு விநாடிக்கும் மேலாக அப்படியே வைத்துவிட்டு, அப்புறம் இடப்பக்கம் கொஞ்சம், வலப்பக்கம் கொஞ்சம் திருப்பியிருக்கிறாள். அது போதும், அந்த மனுஷர் கணக்குப் போடுகிறார் என்று நமக்குப் புரிந்துவிடுகிறது. ஏன் அசையாமல் வைத்தாய் என்று கேட்டேன். "யோசிக்கிறப்ப யாரு மாமா ஆடுவாங்க?" என்றாள்.

சத்தமெல்லாம் வீட்டுச் சத்தம். செட்டியார் நகர்வது, அம்மியில் குழவியை இழுத்தது. டைனோசர் நடைக்குக் கொட்டாங்கச்சி. பருப்பு அளப்பது நிஜப் பருப்புதான், எவர்சில்வர் தட்டில் கொட்டியது. ஆனால் நங்கநல்லூரில் ஒலிப்பதிவு செய்வது லேசுப்பட்ட காரியமில்லை, மீனம்பாக்கம் பக்கத்திலேயே இருக்கிறது. விமானம் போய்விட்டதென்று தொடங்குவாள், அடுத்தது வந்துவிடும். கடைசியில் ஒரு விமானத்தைப் படத்திலேயே சேர்த்துவிட்டாள். பாதி வழியில் செட்டியார் நின்று மேலே பார்ப்பார். கழுத்து திரும்பாது என்பதால் கோலமாவு டப்பாவின் மூடியை அடியில் செருகி ஆளையே சாய்த்திருக்கிறாள். தலைக்கு மேல் விமானச் சத்தம் போகும், அவர் மறுபடி நிமிர்ந்து நகரத் தொடங்குவார். நங்கநல்லூர், பழவந்தாங்கல் பக்கம் இருப்பவர்கள் இந்த இடத்தில் கட்டாயம் சிரிக்கிறார்கள்.

ஒரே ஒரு படத்தில், அதாவது ஒரு விநாடியில் பன்னிரண்டில் ஒரு பங்கு நேரம், விளக்கேற்ற வந்த அம்மாவின் வளையல் போட்ட கை ஓரத்தில் தெரியும். எடுத்துவிடலாமே என்றேன். இருக்கட்டும் என்றுவிட்டாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தீபாவளியன்று உறவுக்காரர்கள் எல்லாரும் கூடியிருந்தபோது டிவியில் போட்டுப் பார்த்தோம். கைதட்டல், விசில், மறுபடி போடு என்று கூச்சல். நான் பூரித்துப் போயிருந்தேன். அவள் முகத்தில் மட்டும் பாதிச் சந்தோஷம். தனியாகக் கேட்டதற்குச் சொன்னாள்: "நீங்கல்லாம் எப்படியும் சிரிப்பீங்க மாமா. என்னைத் தெரியாதவங்க சிரிக்கணும்."

இதற்கு நான் எங்கே போவேன்? யூடியூபில் போட்டால் எண்கள் வரும், சிரிப்பு காதில் விழாது. பள்ளி ஆண்டு விழா இன்னும் தொலைவில் இருக்கிறது, அதற்கு ஏற்கெனவே நாடகமும் பிரமிடும் முடிவாகிவிட்டன. தெரியாதவர்கள் ஆனால் வேண்டியவர்கள், நூறு பேர் ஒரே இடத்தில், நாற்காலி போட்டு, மாலை நேரத்தில், கையில் சுண்டலோடு உட்கார்ந்திருக்கிற இடம் இந்த ஊரில் உங்கள் விழா ஒன்றுதான். அதனால்தான் இந்த மடல் உங்களுக்கு.

ஒரு குடியிருப்பின் விழாக் குழுவிடம் ஏற்கெனவே கேட்டுப் பார்த்தாயிற்று. எது என்று சொல்ல மாட்டேன், நல்ல மனிதர்கள், காபி கொடுத்து உட்கார வைத்துத்தான் முடியாது என்றார்கள். அவர்கள் சொன்ன காரணங்களை நீங்களும் சொல்லக்கூடும் என்பதால் இங்கேயே பேசிவிடுகிறேன்.

தன் பிள்ளை மேடையில் நிற்பதைத்தான் பெற்றோர் பார்க்க விரும்புகிறார்கள் என்றார் ஒருவர். நியாயம். படம் முடிந்ததும் பிள்ளையை மேடைக்குக் கூப்பிடுங்கள், செட்டியாரைக் கையில் கொடுங்கள், இரண்டு கேள்வி கேளுங்கள். பெற்றோர் போட்டோ எடுத்துக்கொள்ளட்டும்.

படம் நடுங்குகிறது, தரம் போதாது என்றார் இன்னொருவர். நடனத்தில் பாதிப் பிள்ளைகள் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துத்தான் ஆடுகின்றன. யாராவது தரம் பேசுகிறோமா? கன்னத்தில் கை வைத்து ரசிக்கிறோம். அதே கண்ணோடு இதையும் பார்க்கலாம்.

மூன்றாவதாக ஒருவர் கேட்டதுதான் எனக்குச் சுருக்கென்றது. "எந்த கிளாஸுக்கு அனுப்புறீங்க?" என்றார். எந்த கிளாஸுக்கும் அனுப்பவில்லை என்றேன். நம்பிக்கை இல்லாமல் பார்த்தார். அவர்மேல் தப்பில்லை. செஸ், அபாகஸ், கீபோர்டு, கோடிங் என்று பிள்ளைகள் செய்கிற எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு வகுப்பும் ஒரு கட்டணமும் இருக்கும் என்று நாம் பழகிவிட்டோம். உங்கள் விழாக்களிலேயே நுழைவாயிலில் ஸ்டால் போட்டுத் துண்டுச்சீட்டு கொடுக்கிறார்கள், இலவச அறிமுக வகுப்பு, முதல் ஐம்பது பேருக்குத் தள்ளுபடி. திரையிடல் என்று நீங்கள் அறிவித்த மறுநாளே அனிமேஷன் வகுப்புக்காரர் ஒருவர் ஸ்பான்சர் செய்கிறேன் என்று வருவார். தயவுசெய்து வாங்காதீர்கள். வாங்கினால் அடுத்த வருஷம் படங்கள் எல்லாம் ஒரே மாதிரி வரும், எல்லாவற்றின் ஓரத்திலும் அந்தக் கம்பெனியின் முத்திரை இருக்கும். பாட்டியின் கை இருக்காது.

பிள்ளைகள் படம் பார்ப்பதற்கென்றே நேரம் ஒதுக்குவது புது யோசனையும் இல்லை. நம் பள்ளிக் கல்வித் துறை 2022 முதல் அரசுப் பள்ளிகளில் சிறார் படங்களைத் திரையிட்டு, பார்த்த பிள்ளைகளைப் பேசவும் எழுதவும் வைக்கிறது. பராமரிப்புக் கட்டணத்தில் நீச்சல்குளம் நடத்துகிற நம்மால் வருஷத்துக்கு ஒரு மாலை முடியாதா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தக் கலை நம் ஊருக்கு விருந்தாளி கிடையாது. இந்திய சினிமாவின் தொடக்க நாளிலேயே, அதன் முன்னோடி தாதாசாகேப் பால்கே 1915இல் தீக்குச்சிகளை நகர்த்தி நகர்த்தி ஒரு சிறு படம் எடுத்தார். அதற்கும் முன்பே ஒரு பட்டாணிச் செடி வளர்வதை ஃபிரேம் ஃபிரேமாகப் பிடித்துப் பழகியவர் அவர். 1947இல் இங்கே ஜெமினி ஸ்டூடியோ 'சினிமா கதம்பம்' என்று ஒரு அனிமேஷன் படம் வெளியிட்டது, உருவாக்கியவர் என். தாணு. 1973இல் வந்த அண்ணா மேம்பாலத்தை ஆட்டோக்காரரிடம் இன்றைக்கும் நாம் ஜெமினி மேம்பாலம் என்றுதான் சொல்கிறோம், அந்த ஜெமினிதான். 1989இல் ஏவி.எம். எடுத்த 'ராஜா சின்ன ரோஜா'வில் ரஜினியும் குழந்தைகளும் பொம்மை மிருகங்களோடு ஆடுகிற பாட்டுக்கு அனிமேஷன் செய்தவர் ராம் மோகன். நான் அப்போது மூன்றாம் வகுப்பு. தியேட்டரில் அந்தப் பாட்டு வந்தபோது நாற்காலி மேல் ஏறி நின்று பார்த்ததற்கு அப்பாவிடம் அடி வாங்கியிருக்கிறேன். விளக்கின் முன்னால் தோலில் வெட்டிய உருவங்களை ஆட்டி, வெள்ளை வேட்டித் திரையில் ராமாயணம் காட்டிய தோல்பாவைக் கூத்துக்காரர்களை இந்தக் கணக்கில் சேர்ப்பதா வேண்டாமா என்று அறிஞர்கள் பேசிக்கொள்ளட்டும், நான் சேர்த்துவிட்டேன்.

இன்றைக்கும் சென்னையில் அனிமேஷன், கிராஃபிக்ஸ் வேலை செய்கிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் உங்கள் பிளாக்கிலேயே குடியிருப்பார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு வேலை முடிந்து வருவதால் செக்யூரிட்டி ஒருவருக்கு மட்டும் அவர்களைத் தெரியும். விழாவுக்கு ஒரு சின்னத்திரை நடிகரைத் தலைமை விருந்தினராகக் கூப்பிட அலைவதற்குப் பதில், அவர்களில் ஒருவரைப் பிடித்து இந்த இருபது நிமிடத்தை நடத்தச் சொல்லுங்கள். வாடகை, பராமரிப்பு, பார்க்கிங் தவிர வேறு எதற்காகவாவது சங்கம் நம்மைக் கூப்பிடுகிறதே என்று ஓடி வருவார்கள்.

நடைமுறைக்கு வருவோம். கிரிக்கெட் இறுதிப் போட்டிக்கு மொட்டை மாடியில் புரொஜெக்டர் வைத்துக் காட்டுகிறீர்கள் இல்லையா, அதே புரொஜெக்டர் போதும். பொங்கல் மேடையில் எல்இடி சுவர் வைப்பதானால் இன்னும் எளிது. ஆறரை மணிக்கு மேல் வையுங்கள், வெளிச்சம் முழுக்கப் போயிருக்க வேண்டும், மேடைக்காரரிடம் சொல்லி அந்தச் சுற்றுகிற வண்ண விளக்குகளை அணைத்துவிடுங்கள். சத்தம் முக்கியம். லேப்டாப் ஸ்பீக்கருக்கு முன்னால் மைக்கைப் பிடிக்கிற பழக்கம் நம் ஊரில் இருக்கிறது, அது வேண்டாம். மிக்ஸரிலிருந்து ஒரு வயர் இழுத்து நேராகப் போடச் சொல்லுங்கள், கொட்டாங்கச்சி சத்தம் கொட்டாங்கச்சி சத்தமாகக் கேட்கட்டும். எல்லாப் படங்களையும் முதல் நாளே வாங்கி ஒரே பென்டிரைவில் ஏற்றி, ஒரு தடவை ஓட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு படத்தையும் இரண்டு தடவை போடுங்கள். இதை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். ஒரு நிமிடப் படத்தில் முதல் தடவை கூட்டம் உட்காரும், திரும்பும், யார் வீட்டுப் பிள்ளை என்று விசாரிக்கும். இரண்டாவது தடவைதான் படம் பார்க்கும்.

போட்டி வேண்டாம். நடுவர், மதிப்பெண், முதல் பரிசு எவர்சில்வர் டிபன் பாக்ஸ், எதுவும் வேண்டாம். எல்லாருக்கும் ஒரு கரும்புத் துண்டு கொடுங்கள். பொம்மையை நகர்த்தி எடுத்ததுதான் வேண்டும் என்பதில்லை. நோட்டுப் புத்தக ஓரத்தில் வரைந்து புரட்டிக் காட்டுகிற படத்தை ஒரு பெரியவர் போனில் பிடித்துத் தந்தாலும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு அதுதான் தோது. ஏஐயிடம் ஒரு வரி சொல்லி வாங்கி வந்ததை மட்டும் இந்த இருபது நிமிடத்தில் விடாதீர்கள். அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது, படம் எடுத்தபோது எடுத்த ஒரு புகைப்படமும் சேர்த்துத் தரச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் அப்படி ஒன்று இருக்கிறது: போர்வை மாட்டிய ஜன்னல், சாக்பீஸ் பாதம், வியர்த்துக் கொட்டுகிற ஒரு பத்து வயதுப் பெண், பக்கத்தில் விசிறிமட்டையோடு பாட்டி.

அப்புறம், படத்தை வாட்ஸாப் குழுவில் சுற்றுக்கு விடுவதற்கு முன்னால் பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். பெற்றோரிடம் கேட்டால் போதாது. நான் லிஃப்டில் காட்டுவதற்கு அவளிடம் அனுமதி வாங்கியிருக்கிறேன், முகம் தெரியாத குழுக்களுக்கு அனுப்ப அனுமதி இல்லை. அதனால்தான் இந்த மடலோடு படம் இல்லை. பார்க்க வேண்டுமானால் திரை கட்ட வேண்டும்.

உங்கள் குடியிருப்பில் இப்படிப் படம் எடுக்கிற பிள்ளை யாரும் இல்லை என்று நினைத்தால், நோட்டீஸ் போர்டில் ஒரு வரி எழுதிப் போட்டுவிட்டு ஒரு வாரம் பாருங்கள். கார் பொம்மையை மோதவிட்டு எடுத்தது, காய்கறிகள் சண்டை போடுவது, தம்பியைச் சுவரில் ஏற்றுகிற தந்திரப் படம் என்று போன்களுக்குள் ஏகப்பட்டது கிடக்கும். அம்மா அப்பாவுக்கே தெரிந்திருக்காது.

முதலில் இடம் தருகிற சங்கத்துக்கு மூக்கில்லாச் செட்டியார் வருவார். மேடவாக்கமா முகப்பேரா பெரம்பூரா என்று பார்க்க மாட்டோம். கூட நான், அக்கா, மாமா, அம்மா, இயக்குநர் எல்லாரும் வருவோம். எங்களுக்கு முன்வரிசை வேண்டாம், பின்னால் நின்றுகொள்கிறோம். இயக்குநருக்கு மட்டும் கூட்டத்தின் முகம் தெரிகிற மாதிரி திரைக்குப் பக்கவாட்டில் ஒரு நாற்காலி போட்டுக் கொடுங்கள். திரை கட்ட ஏணி பிடிக்க ஆள் இல்லையென்றால் சொல்லுங்கள், மதியமே வந்துவிடுகிறேன். மேடைக்காரர்கள் பொங்கல் வாரத்தில் கிடைப்பது கஷ்டம், இந்த வாரமே பேசிவிடுவது நல்லது.

இப்படிக்கு,
ட்ரைபாட் வாங்கிக் கொடுத்த தாய்மாமன்,
நங்கநல்லூர்